இரண்டும் இடது கை

இரண்டு கையும் இடது கையாகவே இருக்கும் ஜாக்கெட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் தைத்திருக்கிறேன். வாடாமல்லி நிறத் துணி. அதைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு அக்கா என் வாசலில் வந்து நின்ற சாயங்காலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இடது தோள் பாந்தமாக உட்கார்ந்திருந்தது. வலது தோளில் துணி முன்னால் புடைத்து, பின்னால் விடைத்துக்கொண்டு நின்றது. மீன் கூடையைத் தலைக்குத் தூக்கியபோது அக்குளில் கிழிந்தும் விட்டதாம்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு நான் ‘டெய்லரம்மா’. பல வருடம் ஏற்றுமதி கம்பெனியில் தைத்தவளாயிற்றே. ஆனால் அங்கே நான் தைத்ததெல்லாம் சட்டைக் காலர் மட்டும்தான். வெட்டிய துண்டுகள் கட்டுக்கட்டாக வரும். காலரை ஓட்டி அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிடுவேன். கை வைப்பவள் வேறு, பாக்கெட் வைப்பவள் வேறு. ஒரு முழுச் சட்டையை நான் தைத்ததே இல்லை. கத்திரிக்கோலைத் துணியில் வைத்ததும் இல்லை. வேறு வேலை கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், உனக்குக் காலர்தான் சரி என்பார் சூப்பர்வைசர். நானும் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

கம்பெனியை மூடினார்கள். அதே வருடம் அம்மாவும் போய்விட்டார். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை, அதனால் வீட்டில் நானும் மெஷினும்தான். கண்டெய்னர் லாரிகள் போகும் சத்தத்தைத் தவிர நாளெல்லாம் வேறு பேச்சு கிடையாது. என் கதவைத் தட்டிய ஒரே ஆள் எதிர்வீட்டு அக்காதான். துணியை நீட்டினாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எதற்காக இனி வருவாள்?

ஜாக்கெட் கைக்கு முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் குழித்து வெட்ட வேண்டும். துணியை மடித்துப் போட்டு வெட்டினால் இடதும் வலதுமாக இரண்டு கை கிடைக்கும். நான் ஒரு கையை வெட்டி, அதையே திருப்பிப் போடாமல் மேலே வைத்து இன்னொன்றையும் வெட்டினேன். காலர் எல்லாம் ஒன்றுபோல இருக்குமே, அந்தப் பழக்கம். வாசலில் நின்றவளைப் பார்த்ததும், இனி இவளும் வரமாட்டாள் என்று தோன்றியது. எனக்குத் தையலே வராதுக்கா, காலர் மட்டும்தான் வரும் என்று அழாத குறையாகச் சொன்னேன்.

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். “நானு மொத மொத வஞ்சிரம் வெட்டசொல்ல, வாங்க வந்தவ தலைல அட்ச்சிகினா. வெட்ட வெட்டத்தான்மே கை தெளிஞ்சிது. கயட்டி தாரேன், இத்த பிரிச்சி பாரு.”

பிரித்துப் பார்த்தேன். அவளுடைய பழைய அளவு ஜாக்கெட்டையும் பிரித்தேன். பேப்பரில் வெட்டிப் பழகினேன். அடுத்ததில் கை சரியாக வந்தது, கழுத்து இறங்கிவிட்டது. கழுத்தைப் பிடித்தால் கொக்கி ஏறுமாறாயிற்று. அக்கா எதையும் மூடி மறைக்க மாட்டாள். சாயங்காலம் மீன் வாசனையோடு வந்து, இங்கே பிடிக்கிறது, அங்கே தொங்குகிறது என்று கையைத் தூக்கிக் காட்டுவாள். நன்றாயிருக்கிறது என்று பொய்க்குக்கூடச் சொன்னதில்லை. போட்டுக்கொள்ளாமல் இருந்ததும் இல்லை. அவள் குறை சொன்ன அந்தச் சாயங்காலங்களில்தான் நான் டெய்லரானேன். அவள் வரும் நேரம் பார்த்து டீ போட்டு வைத்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் மகனுக்குச் சென்னையின் மறுகோடியில், பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. அவனோடு குடிபோகும்போது ஒரு பச்சைத் துணியைக் கொடுத்து, நேரம் கிடைக்கும்போது தைத்து வை என்றாள். இப்போது என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். வாசலிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எங்கே பிடிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. வீடு பழையபடியே இருக்கிறது.

போன மாதம் பச்சை ஜாக்கெட்டை முடித்தேன். தப்பு என்று சொல்ல ஒரு தையல்கூட இல்லை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, அப்புறம் பஸ் பிடித்துப் போனேன். அக்கா போட்டுக்கொண்டு வந்தாள். தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கியது. அங்கே மீன் வியாபாரம் இல்லை, பேச ஆளும் இல்லை, சோறு இறங்கவில்லை என்றாள். பாதியாக இளைத்திருந்தாள். நான் தைத்தது பழைய அளவுக்கு.

இரண்டு பக்கமும் துணியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “இன்னாமே, இன்னும் சரியா வரல பாரு. எட்த்துகினு போயி புடிச்சிகினு வா.”

என் பையில் ஊசியும் நூலும் இருந்தன. அங்கேயே உட்கார்ந்து கையாலேயே பிடித்துக் கொடுத்திருக்கலாம். அடுத்த வாரம் கொண்டு வருகிறேன் என்று சொல்லி, ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.