பதினெட்டு என்று எழுதிய சீட்டு

ஆபரேஷன் தியேட்டர் என்றால் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு கத்தி, அவ்வளவுதான் என்று இருபத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தவள் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஐந்து வருஷம் செக்கிங்கில் நின்றேன். பழுதான பீஸைப் பார்த்ததும் சிவப்புத் தட்டில் போடுவதுதான் என் வேலை. அதை விட்டுவிட்டு தியேட்டர் டெக்னீஷியன் படிப்பு முடித்து, பக்கத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். புத்தகத்தில் படித்ததுதான், ஆனாலும் வாசலில் நின்று பார்த்த முதல் வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒரு அறைக்குள் எத்தனை வேலைகள்! மயக்க மருந்து கொடுக்க ஒரு டாக்டர், அவருக்கு மருந்தும் குழாயும் எடுத்துத் தந்து மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காத டெக்னீஷியன் ஒருவர். கையுறை போட்டுக் கருவி நீட்டும் சிஸ்டர் வெளிப்பொருள் எதையும் தொடக் கூடாது. அதனால் அவருக்கு நூலும் பஞ்சும் பிரித்துப் போட இன்னொரு சிஸ்டர். ஸ்ட்ரெச்சர் தள்ள ஓர் அண்ணன். எல்லாருடைய வேலையும் எனக்கு வேண்டும் போலிருந்தது.

எனக்குக் கிடைத்தது பக்கத்து அறை. தியேட்டருக்கும் அதற்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். அழுக்குக் கருவிகள் வரும். கழுவி, எண்ணி, துணியில் கட்டி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு, நீராவியில் வேகவைத்துக் கொடுக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன்.

"இவ்ளோ படிச்சிட்டு ஆஸ்பத்திரில ஏனம் கழுவிக்கினு கீறியா?"

எனக்கு வந்ததே கோபம். இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

மூன்று மாதம் அந்த அறையில் ஒழுங்காக இருந்தால் தியேட்டருக்குள் எடுத்துக்கொள்வதாகக் கருவி நீட்டும் சிஸ்டர் சொல்லியிருந்தார். அவர்தான் அங்கே எல்லாவற்றுக்கும் தலைவி. இன்னும் நான்கே நாள் பாக்கி. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அன்று காலை சிசேரியன் செட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி ஒன்றில் பூட்டு சரியாக விழவில்லை. கை பழைய பழக்கத்தில் அதை எடுத்துச் சிவப்புத் தட்டில் போட்டது. ஆமாம், இங்கேயும் நான் ஒரு சிவப்புத் தட்டு வாங்கி வைத்திருந்தேன், அதில் எனக்குப் பெருமை வேறு. ஆனால் சீட்டை முன்கூட்டியே எழுதியிருந்தேன். பதினெட்டு. அதைத் திருத்தவில்லை. பதினேழைக் கட்டி அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

பதினொரு மணிக்கு மீஞ்சூரிலிருந்து ஒரு கர்ப்பிணியை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். குழந்தையின் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய் மேஜையில் படுக்க வைத்தார்கள். அந்த அவசரத்தில் சிஸ்டர் தொடக்கத்தில் எண்ணவில்லை, என் சீட்டை நம்பினார். ஜன்னல் வழியாக முதல் அழுகைச் சத்தம் கேட்டபோது நான் கழுவிக்கொண்டிருந்த கத்தரியோடு துள்ளினேன். நான் கட்டிய செட்டில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது!

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஸ்ட்ரெச்சர் அண்ணன் முகம் வெளுத்து ஓடி வந்தார்.

"இன்னாம்மா, உன் செட்டுல ஒண்ணு குறையுதாம். பதினேழுதான் கீது. வயித்த மூடாம தேடிக்கினு கீறாங்க."

என் கண் நேராகத் தட்டுக்குப் போனது. அவருடைய கண்ணும் போனது. அவர் நல்ல மனுஷர், குரலைத் தாழ்த்தினார்.

"குடு. துணி மூட்டைல கெடந்துச்சுன்னு நான் சொல்லிடறேன். உனக்கு இன்னும் நாலு நாள்தான கீது?"

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி கை நீண்டது. பிறகு பயம் பிடித்தது. இது ஒன்றுதான் குறைகிறதா? அவசரத்தில் எண்ணியது பிசகி, வேறொன்றும் உள்ளே போயிருந்தால்? நான் இதை நீட்டி எண்ணிக்கையைச் சரியாக்கிவிட்டால், அந்தப் பெண்ணின் வயிற்றில் தேட யாருக்கும் தோன்றாது.

தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, தியேட்டர் செருப்புக்கு மாறி உள்ளே போனேன். முதல் தடவை அப்படியா உள்ளே போக வேண்டும்? இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி மட்டும் போட்டிருந்ததால் அந்தப் பெண் விழித்திருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் அவர் தலை மட்டும் தெரிந்தது. மயக்க மருந்து டெக்னீஷியன் குனிந்து ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் கட்டுனதே பதினேழுதான் சார். ஒண்ணு பழுது, காலைலேர்ந்து என் தட்டுல கீது. சீட்டத் திருத்தாம உட்டுட்டேன்."

ஆபரேஷன் செய்த டாக்டர் நிமிரவில்லை. "நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

"பதினெட்டுன்னு கையெழுத்துப் போட்டவளும் நீதான?"

"எக்ஸ்ரே மெஷினக் கூப்புடுங்க" என்றார் டாக்டர். சரிதான், என் பேச்சை நம்பி ஒரு வயிற்றை எப்படி மூடுவார்?

"இன்னா சார், உள்ள இன்னாத்த உட்டீங்க?" என்று அந்தப் பெண் கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

எக்ஸ்ரே டெக்னீஷியன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லாரும் விலகி நின்றோம். படம் திரையில் வந்தது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு. இரும்பு எதுவும் இல்லை. டாக்டர் தையல் ஊசிக்குக் கை நீட்டினார்.

வேலை போய்விட்டது என்று நினைத்து டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஜன்னலில் வந்து நின்றார். "எண்ணாம எடுத்தது என் தப்பு. எண்ணாம எழுதுனது உன் தப்பு. இனிமே நீ உள்ள நின்னு சத்தமா எண்ணு, நான் கேட்டப்புறம்தான் செட்டத் தொடுவேன்" என்றார். அப்புறம்தான் அழுதேன், அதுவும் கொஞ்ச நேரம்தான். சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டு, எடுத்ததும், "என்ன உள்ள எடுத்துக்கினாங்கம்மா!" என்று கத்தினேன்.

மறுநாள் வார்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான அது? எண்ணத் தெரியாதவ?"

தலை குனிந்தேன். அவர் பக்கத்தில் கிடந்த குழந்தையின் துணியை விலக்கினார். "இந்தா, இவளுக்கு வெரல எண்ணு."

சிவந்த அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, கையில் பத்து, காலில் பத்து, இருபது என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக எண்ணினேன்.

"இன்னொருவாட்டி" என்றார் அவர்.

எண்ணினேன்.