இரண்டு ராம் போட்டால் காணும்

மகளின் கணினி சென்ற வாரம் உறுமத் தொடங்கியது. பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்பா, இதுக்கு மேல இது இழுக்காது. கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாத்துறதா, மொத்தமா புதுசு வாங்குறதா? நீங்களே சொல்லுங்க" என்றாள். வீட்டில் விளையாட்டுப் பைத்தியம் அவள்தான். எனக்கும் ஒரு காலத்தில் அது இருந்தது என்பதை அவள் நம்பமாட்டாள். குனிந்து பார்த்தேன். சூடேறிய தூசியின் வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், கண்டி ஹந்தானை வீதியில் இருந்த அந்த மாடி அறைக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து படித்து வந்து, கண்டியில் ஒரு அலுவலகத்தில் கிளார்க் ஆகியிருந்தேன். அறைத் தோழன் குகன் வடக்கிலிருந்து வந்த சாவகச்சேரிக்காரன், வங்கியில் வேலை. அவனுக்குக் காலையில் இடியப்பம் வேண்டும், எனக்கு ரொட்டி. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தவை, மழைக்கு ஒழுகும் ஒரு கூரையும் யாரோ பாவித்துக் கழித்த ஒரு கணினியும்தான்.

அதில் ஒரு போர் விமான விளையாட்டு ஓடும். யோசித்துப் பாருங்கள். வடக்கில் உண்மையான விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருக்கின்றன, இடம்பெயர்ந்து போன அவன் வீட்டார் பதுங்குகுழிக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள், இவன் இங்கே பொய் விமானம் ஓட்டுகிறான். ஒருநாள் கேட்டேவிட்டேன். "இதில நான்தானேடா ஓட்டுறன். விருப்பமில்லாட்டி குண்டு போடாமல் திரும்பி வரலாம்" என்றான். பெரும்பாலும் அப்படித்தான் செய்வான். மலைகளுக்கு மேலே சுற்றிவிட்டு மெதுவாகக் கொண்டுவந்து இறக்குவான். நானோ முதல் திருப்பத்திலேயே மலையில் மோதுவேன்.

ஆனால் அந்தக் கணினிக்கு வயதாகிவிட்டது. பாதி நாள் விளையாட்டு ஏறும்போதே நின்றுவிடும். கண்டியின் கொழும்பு வீதியில் கணினிக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர் நிஸாம் நானா எங்களைக் காணும்போதெல்லாம், "இத தூக்கி போடுங்க தம்பி, புதுசு ஒண்டு எடுங்க" என்பார். குகன் விடமாட்டான், நினைவகத் துண்டைக் கூட்டினால் போதும் என்பான். "ஏன் நானா, இரண்டு ராம் போட்டால் காணும்." காலையில் நான் குகன் கட்சி, மாலையில் நானாவின் கட்சி. அப்படியே ஆறு மாதம் போனது.

பிறகு ஒரு மாலை, விளக்கு வைக்கும் நேரம், பொலிஸார் படியேறி வந்தார்கள். இந்த அறையில் விமானச் சத்தமும் வெடிச் சத்தமும் கேட்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "அது விளையாட்டு சேர்" என்று சிரித்தபடி கணினியைப் போட்டேன். விளையாட்டு ஏறத் தொடங்கியது. முதலில் ஒரு விமானத் தளத்தின் வரைபடம் வரும். ஓடுபாதை, எண்ணெய்த் தாங்கி, எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்பு வட்டங்கள், தாக்குதல் திட்டம் போலவே. அதோடு நின்றுவிட்டது. எந்த விசையை அழுத்தியும் அசையவில்லை. என் சிரிப்பும் அப்படியே நின்றது.

என் அடையாள அட்டையில் கலஹா, அவனுடையதில் சாவகச்சேரி. வடக்கு ஊர் என்றாலே சந்தேகம், அதனால் அவனையும் கணினியையும் ஜீப்பில் ஏற்றினார்கள். "நீ வராதை. நானாவிட்டச் சொல்லு" என்று மட்டும் சொன்னான்.

காலையில் கடை திறக்கும்முன் போய் நின்றேன். அப்படிப் பிடிபட்டுக் கொழும்புக்கு அனுப்பப்பட்டவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம். நானா முழுவதையும் கேட்டார். இரண்டு ராம் துண்டுகளைச் சட்டைப் பைக்குள் வைத்தார். திருப்புளியை எடுத்துக்கொண்டு, "வாங்க தம்பி, போவோம்" என்றார். அந்த நாளில் ஒரு தமிழ்ப் பையனுக்காகப் பொலிஸுக்குப் போவது சின்ன விஷயமில்லை. நான் அதை அப்போது யோசிக்கவேயில்லை.

பொறுப்பதிகாரியின் மேசையிலேயே கணினியைத் திறந்தார் நானா. "எனக்குத் தெரிந்த பிள்ளைகள் சேர், ஓடவில்லையென்றால் என்னையும் உள்ளே வையுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். ராமைப் பொருத்தி மூடினார். வரைபடம் வந்தது. சிவப்பு வட்டங்கள் மறைந்தன. விமானம் ஓடுபாதையில் உருண்டது.

குகனை அழைத்து வந்து ஓட்டச் சொன்னார்கள். கண்கள் சிவந்திருந்தன. மலை மலையாகத் தப்பிப் பறப்பவன் அன்று நேராகப் போய் மோதினான். அதிகாரி சிரித்துவிட்டார். "தள்ளு" என்று தானே உட்கார்ந்தார். அவரும் மோதினார். இன்னொரு தரம். அதிலும் மோதியபிறகுதான் குகனின் அட்டையை எடுத்து மேசையில் வைத்து, கணினியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்.

வாசல்வரை வந்து நானாவிடம் மெல்லக் கேட்டார்: "வீட்டில் என் மகனுடையதும் இப்படித்தான். புதிது வாங்குவதா?"

"எதுக்கு சேர்? ரெண்டு ராம் போட்டா போதும்" என்ற பொருளில் நானா சொன்ன சிங்களத்தைக் கேட்டு, அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு பல வாரம் குகன் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத்தான் விளையாடினான். ஊமை விமானம் அறைக்குள் பறக்கும். ஒரு சனிக்கிழமை, நல்ல மழை, அவனாகவே திருகியைப் பிடித்துச் சத்தத்தைக் கூட்டினான். என்னைப் பார்க்கவில்லை. நான் தேநீர் ஊற்றினேன்.

கார்டை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். குகன் இப்போது நோர்வேயில், இரண்டு பிள்ளைகளோடு. நானாவின் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். மாடி அறையை இடித்துவிட்டார்கள்.

போன வருடம் வேலை நிமித்தம் கொழும்பில் ஆறு மாதத்துக்கு அறை எடுத்தேன். வீட்டுக்கார அம்மாவிடம் அடையாள அட்டையின் இரண்டு பிரதிகளை நீட்டினேன். அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார்.

"பொலிஸில பதியத்தான்" என்றேன். போர்க்காலத்தில் அறை எடுக்கும் தமிழர் எல்லோரும் செய்ய வேண்டியிருந்த காரியம் அது.

"அதெல்லாம் இப்ப யாரு கேக்குறா?" என்று திருப்பித் தந்துவிட்டு, தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லத் தொடங்கினார்.