கலங்கலும் மறுகாலும்

எங்கள் ஊரின் வரைவுத் திட்டத்தில் ஒரு கால்வாய் எவ்வாறு நிலைத்தது என்பதை எழுதிவைத்தாக வேண்டும். ஊராட்சித் தீர்மானத்தில் "ஒருமனதாக நிறைவேறியது" என்று மட்டுமே இருக்கிறது. அந்த மே நாள் முற்பகலில் எங்களுக்கு ஏற்பட்ட மனக்கிளர்ச்சி அச்சொற்களில் இல்லை.

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர், தொழிற்சாலைகள் வந்தபின் நகராகிக்கொண்டிருந்தது. அந்நகர் எவ்வாறு அமைய வேண்டுமென்று ஊராட்சியே ஒரு திட்டம் வகுத்தது. குப்பையைத் தரம்பிரிக்கும் கூடம், கதிரொளியில் எரியும் தெருவிளக்கு, ஏரிக்கரையெங்கும் மரங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய நான் அதன் மொழிநடைக்குப் பொறுப்பேற்று, இளமை மீண்டாற்போல் மிதிவண்டியில் தெருத்தெருவாகச் சுற்றினேன்.

ஒன்றில் மட்டும் ஊர் இரண்டுபட்டது. ஏரியின் கலங்கலிலிருந்து புறப்படும் கால்வாயைத் தூர்த்துச் சாலையிட்டால், தொழிற்சாலைப் பேருந்து தாழ்ந்த தெருவரை வரும். ஆனால் ஏரி நிறையும் ஆண்டில் அத்தெருவே மூழ்கும். அங்கே வாடகை அறைகள் கட்டியிருந்த உழவர்கள் சாலை கேட்டனர். ஊராட்சித் தலைவரான அம்மையார் கால்வாயே வேண்டுமென்றார்.

பள்ளி வளாகத்து மரநிழலில் கிராம சபை கூடியது. விடுமுறையாதலால், அவ்வறைகளில் தங்கியிருந்த தென்மாவட்ட இளைஞர்களும் வந்தனர். வாக்காளர் அல்லராதலால் கையுயர்த்த அவர்களுக்கு உரிமையில்லை, பேசத் தடையில்லை.

"ஏரி ரொம்பி எத்தினி வர்சமாச்சு? ரோடு இல்லைன்னா பசங்க ரூம காலி பண்ணிக்கினு போய்டுவானுங்க. அப்பறம் தலைவரு வந்து குடியிருப்பாங்களா?" என்றார் அறைக்காரர் ஒருவர்.

சிரிப்பெழுந்தது. தலைவர் அசரவில்லை. "கலங்கல அடச்சிட்டு இன்னாண்ணா பண்ணுவ? மழ வந்தா தெருவுல படகு வுடுவியா?"

பின்வரிசையில் ஓர் இளைஞர் எழுந்தார். "அக்கா, ஒரு சந்தேகம். கலங்கத் தண்ணி போற சாக்கடைய மூடுததுக்கா இவ்வளவு சண்டை?"

கோடையில் அக்கால்வாயில் குளியலறை நீரே கலங்கி ஓடியது. பெயர் அதனால் வந்ததென்றே அவர் எண்ணியிருந்தார்.

"சாக்கடை இல்லப்பா. ஏரி ரொம்பினா மிச்சத் தண்ணி வழிஞ்சி போற எடம். அதுக்குப் பேருதான் கலங்கல்," என்றார் தலைவர்.

"அது மறுகாலுல்லா," என்ற இளைஞர், தோழர் பக்கம் திரும்பினார். "எல, மறுகால மூடப் போறாங்க, நாம சும்மா உக்காந்திருக்கோம்."

"எங்கூர்ல ஒருத்தன் மறுகால்ல வேலி போட்டான். ஊரே திரண்டு பிடுங்கிட்டு," என்றார் தோழர்.

முதலாமவர் அறைக்காரரிடம் சொன்னார்: "அண்ணாச்சி, ரோடு வேண்டாம். பஸ்ஸுக்கு நாங்க நடந்துக்கிடுதோம். தாண்டிப் போக ஒரு பாலம் போட்டா போதும்."

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? உனக்கோசரந்தான் நான் தொண்ட கிழிய கத்தினு கீறேன்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வடக்கே கலங்கல், தெற்கே மறுகால். ஒரே பொருளுக்கு இரண்டு நல்ல தமிழ்ச் சொற்கள், ஒரே நிழலில் சந்தித்துவிட்டன. "கலங்கல் என்னும் மறுகாலின் கால்வாயைத் தூர்க்கலாகாது, அதன் குறுக்கே நடைபாலம் அமைக்க" என்று அங்கேயே எழுதி, உரக்கப் படித்தேன். கைகள் உயர்ந்தன, அறைக்காரர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "ஒண்ணு உன்னுது, ஒண்ணு அவனுங்களுதா?" என்றார் தலைவர்.

பின்னர் ஏரி நிரம்பிய மழைக்காலத்தில், நீர் பாலத்தின் அடியில் பாய்ந்து சென்றது. தாழ்ந்த தெருவில் ஓர் அறையும் நனையவில்லை.

நினைவிலிருந்து எழுதுகிறேன். அவ்விளைஞர்களின் பேச்சை நான் பிழையாகக் கேட்டிருந்தாலும், உங்கள் ஊரில் இதற்கு வேறு பெயர் வழங்கினாலும், படிப்போர் தயங்காது திருத்தியருள வேண்டுகிறேன்.