இசபெல் அக்காவின் கட்டைவிரல்

இசபெல் அக்கா மலையகத்தில் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். கொழுந்துக் கூடையை மாட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்து எங்கள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை, ஊசி கழுவுவது. அப்போதெல்லாம் ஒரே ஊசியைக் கழுவி, தீட்டி, அவித்து மறுபடி பாவிப்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரி ஊசி வலிக்காது என்று சுற்றுவட்டத் தோட்டங்களில் நல்ல பேர். அந்தப் பேரையெல்லாம் நர்ஸ் சுகிர்தம் மிஸ்ஸின் கைராசி தட்டிக்கொண்டு போய்விட்டது.

எண்பதுகளின் கடைசியில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வந்தது. இரத்தத்தின் வழியாகத் தொற்றும் மஞ்சள் காமாலைக்கானது. பன்னிரண்டு பேருக்கு மட்டுமே மருந்து. வார்டு ஊழியர் லியனார்ட் அந்தக் காமாலையில் இரண்டு மாதம் படுத்துக் கிடந்து அப்போதுதான் எழுந்திருந்தார். ஆகவே எல்லோருக்கும் பயம். பெயர்ப் பட்டியல் எழுதும் பொறுப்பு கிளாக்கரான எனக்கு. டாக்டர்கள், நர்சுகள், மருத்துவிச்சி என்று பதினொரு பேர். பன்னிரண்டாவதாக என் பெயரை எழுதினேன். நான் கையாளும் ஆகக் கூரான ஆயுதம் பென்சில்தான் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோனது.

இசபெல் அக்கா அலுவலக வாசலில் வந்து நின்றார்.

“கிளாக்கர் ஐயா, லிஸ்டுல என் பேரு இருக்குங்களா?”

“நீங்க நோயாளியத் தொடுறதில்லையே அக்கா. ஒங்களுக்கு எதுக்கு?”

“அதுவும் சரிதாங்க. லியனார்ட் அண்ணனப் பாத்ததுலேருந்து பயமா இருக்கு, அதான் கேட்டேன்.”

சண்டை பிடித்திருந்தால் நானும் விறைத்துக்கொண்டு நின்றிருப்பேன். அக்கா திரும்பிப் போய்விட்டார். மனசு கேட்கவில்லை, பின்னாலேயே கழுவும் அறைக்குப் போனேன்.

நோயாளிக்குப் போட்ட ஊசியைக் கழுவினார். கல்லில் தீட்டினார். பிறகு, இன்னும் அவிக்காத அந்த முனையைத் தன் கட்டைவிரலில் மெல்ல இழுத்துப் பார்த்தார். ஒரு துளி இரத்தம். அடுத்த ஊசிக்கு இன்னொரு துளி.

“என்னக்கா இது?”

“மொனையில பிசிறு இருந்தா வெரலுக்குத்தாங்க தெரியும். புள்ளைங்களுக்கு வலிக்கும்ல.”

“அவிச்ச பொறகு பாத்தா என்ன?”

“அவிச்சதத் தொட்டா மிஸ் ஏசுவாங்க.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் பெயரை வெட்டிவிட்டு அவர் பெயரை எழுதினேன்.

“ஏன் சிறில், ஊசிக்குப் பயமா?” என்று பட்டியலைப் பார்த்துப் பெரிய டாக்டர் சிரித்தார். கட்டைவிரல் கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. இனிமேல் பஞ்சில்தான் இழுத்துப் பார்க்கவேண்டும் என்று அன்றைக்கே உத்தரவு போட்டார்.

தடுப்பூசி நாளன்று அக்கா திருநாளுக்குக் கட்டும் சேலையில் வந்து முதல் ஆளாக நின்றார். ஊசி ஏறியதும் கண் கலங்கியது.

“வலிக்குதா?” என்று கேட்டார் சுகிர்தம் மிஸ்.

“இல்லீங்க மிஸ். பதினேழு வருசமா தோட்டம் பூராவுக்கும் ஊசி தீட்டுறேன். எனக்குன்னு ஒண்ணு வந்தது இதுதான் மொத தடவ” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் மருந்து வந்தது. இந்த முறை கழுவும் அறை, சலவை அறை ஆட்களிலிருந்து பட்டியலை எழுதத் தொடங்கினேன்.