ஆவாரஞ்செடி நின்ன எடம்

எங்க அண்ணி சாராளுக்கு வாய் ஜாஸ்தி. மாமல்லபுரத்துல ஒரு ரிசார்ட்ல படுக்கை விரிப்பெல்லாம் துவைக்கிற வேல. சூப்பர்வைசரே அதுகிட்ட யோசிச்சிதான் பேசுவாரு. போன வருசம் எங்கண்ணன் ஞானதாஸ் மாரடைப்புல போனப்பகூட அது அழல. அடக்கத்துக்கு வந்தவங்களுக்கு டீ வந்துச்சான்னு கேட்டுகினு இருந்துச்சி. எனக்குப் பத்திகினு வந்துச்சி.

எங்க கல்லறைத் தோட்டத்துல எடம் பத்தாது. அதனால சிமெண்டுல கட்ட வுடமாட்டாங்க. மண்மேடும் தலமாட்டுல ஒரு மரச்சிலுவையும்தான். அண்ணனோட சிலுவைய கரையான் அரிச்சிடுச்சி, மேடும் மழையில கரைஞ்சி போச்சி. ஆனா அங்க ஆவாரஞ்செடி ஒண்ணு தானா மொளச்சி இடுப்பு ஒசரம் நின்னுச்சி. அதான் எங்களுக்கு அடையாளம்.

செப்டம்பர்ல போய்ப் பாத்தா செடி பூரா பச்சப் புழு. எல ஒண்ணு விடாம மேஞ்சிகினு கீது. மருந்தடிக்கலாம்னேன். அண்ணி வுடல. ஆவாரை திரும்பத் துளுக்கும், பசின்னு வந்த யாரயும் அவரு தொரத்தினது இல்ல, நாம எதுக்குத் தொரத்தணும்னு சொல்லிடுச்சி.

கல்லறைத் திருநாளுக்கு மூணு வாரம் முன்னாடி வாலிபர் சங்கத்துல தோட்டத்த சுத்தம் பண்ணாங்க. எல இல்லாம நின்ன செடிய காஞ்ச சுள்ளின்னு நெனச்சி தரையோட வெட்டிட்டாங்க. நாங்க போனா அந்தப் பக்கமே மைதானமாட்டம் கீது. எங்கண்ணன் எங்க படுத்துனுகீறாருன்னே தெரியல. சங்கத் தலைவர் பெஞ்சமினப் புடிச்சி கிழிகிழின்னு கிழிச்சேன். அவரு மன்னிப்புக் கேட்டுட்டு, நடுவுல கீற பெரிய சிலுவைகிட்ட எல்லாருக்கும் பொதுவா மெழுகுவர்த்தி ஏத்திக்கலாமேன்னாரு.

"எம்புருசன நான் எதுக்குப் பொதுவுல தேடணும்?" அண்ணி அவ்ளோதான் கேட்டுச்சி.

அப்புறம் தெனம் சாயங்காலம் பஸ் எறங்கி நேரா அங்கதான். குனிஞ்சி குனிஞ்சி தேடும். மழைக்குப் புல்லு மண்டிப் போச்சி. மருந்தடிச்சிருந்தா செடி நின்னுருக்கும், என்னாலதான் அவரு தொலஞ்சிட்டாருன்னு ஒருநாள் சொல்லிச்சி.

திருநாள் அன்னிக்கு எல்லாரும் அவங்கவங்க மேட்டாண்ட ஒக்காந்துகினு இருக்க, அண்ணி மட்டும் கையில சாமந்தியோட நின்னுகினு இருந்துச்சி. அப்ப ஒரு வெள்ளப் பட்டாம்பூச்சி தாழப் பறந்து வந்துச்சி. பூவ எல்லாம் வுட்டுட்டு, புல்லுக்குள்ள எறங்கி வால மடிச்சித் தொட்டுட்டு எழுந்துச்சி. திரும்பவும் அதே எடத்துல எறங்குச்சி. அண்ணி ஓடிப்போய்ப் புல்ல வெலக்குச்சி. வெட்டுன ஆவாரங்கட்ட. அதுல ரெண்டு தளிரு. தளிர்மேல ரவையாட்டம் ஒரு முட்ட.

ஞானதாஸ்தான் பூச்சியா வந்து காட்டிட்டாருன்னு பக்கத்துல ஒருத்தவங்க ஆரமிச்சாங்க. எனக்கு எரிச்சலாயிடுச்சி. அது முட்ட வெக்க வந்துச்சி, அவ்ளோதான். அதக் கிள்ளிப் போட்டுடவா, இல்லாங்காட்டி பச்சப் புழுவாகி இந்தத் தளிரையும் தின்னுடும்னு அண்ணிகிட்ட கேட்டேன்.

"உடு பிரிசில்லா. தின்னட்டும்."

மெழுகுவர்த்தி சூடு தளிர்மேல படாம கொஞ்சம் தள்ளி வெச்சி ஏத்துச்சி. அப்புறமாதான் அழுதுச்சி.