முப்பத்திரண்டு பல்லும் ஒரு சொல்லும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருபது. ஆறு பாகைக் குளிர், தூறல். தோர்ண்டன் ஹீத்தில் அண்ணையின் வீட்டு மணியை இரண்டு தரம் அழுத்தினேன். அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒன்பது நாள். குரல் போய்விட்டது என்று அவருடைய மகன் சொல்லியிருந்தான்.

அந்த வீட்டுக்கு நான் போகாமல் விட்டது ஒரு பழங்காலத்து மந்திரியால். கிங்ஸ்பரியில் முதியோர் ஒன்றுகூடலில் அவருடைய கதையைச் சொன்னேன். மகத மன்னனின் சபையில் அவமானப்பட்டு, அந்த வம்சத்தை ஒழிக்கும்வரை குடுமி முடிவதில்லை என்று சபதம் எடுத்தவர். பிறக்கும்போதே அவருக்கு முப்பத்திரண்டு பல்லும் இருந்தன, பிள்ளை அரசனாகிவிடுவான் என்று பயந்து தகப்பன் அவற்றை உடைத்தார் என்றேன். கேட்க நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பின்வரிசையில் அண்ணை எழும்பினார்.

"இரண்டு பல்லுத்தான் தம்பி. உனக்கு எப்பவும் கணக்குக் கூடத்தான் வரும்."

மற்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். எனக்கு அவிழ்த்துவிடக் குடுமி இல்லை, வழுக்கை. அவர் மன்னிப்புக் கேட்கும்வரை அவருடைய வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன்.

மூன்றாம் நாள் அவருடைய மருமகள் போன் எடுத்தாள். மதுரைப் பிள்ளை.

"சின்ன மாமா, மாமா உங்ககிட்ட பேசணுமாம். வீட்டுக்கு வரச் சொன்னார்."

எங்கள் ஊரில் கதைப்பது வேறு, பேசுவது வேறு. பேசுவதென்றால் ஏசுவது. சபையில் பேசியது போதாதென்று வீட்டுக்குக் கூப்பிட்டும் பேசப் போகிறாரா என்று கொதித்தேன். போகவில்லை. இந்தியாக்காரரின் தமிழை முப்பத்தாறு வருஷமாகக் கேட்கிறேன். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. வர நான் விடவில்லை என்பதுதான் சரி.

இப்போது கதவைத் திறந்தவளும் அவள்தான். அன்றைக்கு அவர் எதற்குப் பேசக் கூப்பிட்டவர் என்று கேட்டேன். எல்லார் முன்னாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று வருத்தப்பட்டாராம். மீன்குழம்பு வைக்கச் சொல்லி இரண்டு ஞாயிறு பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அண்ணை கட்டிலில் சாய்ந்திருந்தார். கையைப் பிடித்தேன்.

"ஏலுமெண்டால் என்னைப் பேசுங்கோ அண்ணை."

வாய் ஒரு பக்கம் கோணியது. சத்தம் வரவில்லை. இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார்.

"ஓம் அண்ணை, இரண்டு பல்லுத்தான்."

அவர் சிரித்தார். அதற்கும் சத்தம் இல்லை. அந்தக் குரல் இருந்தும் நான் கேட்காமல் விட்டது, கடைசி ஒன்பது நாளைக் கழித்தால், இரண்டு வருஷம், மூன்று மாதம், இரண்டு நாள்.