ஏழாவது ஆட்டம்

நிக்காஹ் முடிந்த நாற்பது நாள் லீவில் எங்கள் மாமாவுக்குப் புதுப்பெண்டாட்டியோடு பேச நேரம் கிடைத்ததோ இல்லையோ, என்னோடு விளையாட நேரம் கிடைத்தது. பத்து வயதில் அந்தப் பெருமை தாங்காமல் நான் தரையில் நடக்கவில்லை.

அவர் அம்மாவின் தம்பி. சவூதியில் ஒரு கேம்ப்பில் சமையல் வேலை. அங்கே சாப்பிட வந்த அமெரிக்கக் கிழவர் ஒருவர் மாமாவுக்கு பேஸ்பால் பைத்தியத்தை ஒட்டவைத்துவிட்டார். நூறு வருஷத்துக்கும் முன்னால், அந்த ஆட்டத்தை ஒரு தொழிலாக ஆடத் தொடங்கிய காலத்தில், இரண்டு பெரிய அணிகள் கடைசிவரை மோதாமலே கலைந்துபோயினவாம். மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? ஏழு ஆட்டம், நான்கு ஜெயித்தவருக்குக் கோப்பை என்று அறந்தாங்கியில் நாங்கள் அதைப் பகடை உருட்டிக் காகிதத்தில் நடத்தினோம். பெயர்கள் என் வாயில் நுழையாததால் என் அணி மீசைக்காரர்கள், மாமாவினுடையது தொப்பிக்காரர்கள்.

முதல் நாளே அம்மா முகம் சுளித்தார். "பகடை உருட்டுறதெல்லாம் நம்ம வீட்ல ஆகாதுப்பா. வந்த பொண்ணு என்ன நெனைக்கும்?" மாமா மறுபேச்சில்லாமல் பகடையைக் குப்பையில் எறிந்துவிட்டு, ஒன்று முதல் ஆறு வரை எழுதிய சீட்டுகளைப் பால்பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். ஆறு வந்தால் பந்து வேலிக்கு வெளியே. பகடை ஆகாது, சீட்டு ஆகும் என்பது எந்தக் கணக்கோ, அம்மாவுக்கே வெளிச்சம்.

லீவு முடிகையில் மூன்றுக்கு மூன்று. "ஏழாவது மேட்ச் முடிக்காம பிளேன் ஏற மாட்டேன்" என்று மாமா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். புறப்படும் நாள் காலையில் டப்பாவை அரிசி மூட்டைக்குள் புதைத்துவிட்டேன்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்த மாமா தேட ஆரம்பித்தார். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால். கட்டிவைத்த அட்டைப்பெட்டியைக்கூட அவிழ்த்துப் பார்த்தார். "புதுச் சீட்டு எழுதிக்குவமா?" என்றார். பழைய சீட்டுதான் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். அழுத்தக்காரி நான்.

அறை வாசலில் மாமி நின்றார். "கொஞ்சம் இங்கிட்டு வந்துட்டுப் போங்களேன்."

"இந்தா வாரேன். புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

மாமி இன்னொரு தடவையும் மெதுவாகக் கூப்பிட்டார். அதற்குள் தெருக்காரர்கள் சவூதியில் இருக்கும் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப ஊறுகாயும் மருந்துமாக வந்து கூடத்தை நிறைத்துவிட்டார்கள். பிறகு ஏர்போர்ட் வேன் வந்து ஹாரன் அடித்தது.

"போயிட்டு வாரேன்" என்றார் மாமா. மாமி தலையை மட்டும் ஆட்டினார். எங்கள் வீடுகளில் நாலு பேர் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் அதற்கு மேல் பேசிக்கொள்வதில்லை.

வேன் தெருமுனை திரும்பியதும் நான் ஓவென்று அழுதேன். ஆட்டம் முடியாமலே போய் என்னை ஏமாற்றிவிட்டாரே என்று. மாமிதான் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"அழுவாத. அடுத்த லீவுல வந்து ஆடுவாங்க."

அடுத்த லீவு வர மூன்று வருஷம் ஆனது. மாமா கிளம்பியபோது மாமிக்குப் பத்தொன்பது வயது. அன்று மத்தியானம் இருந்த அந்த ஒரு மணி நேரம் மாமிக்கு உரியது என்று இன்று தெரிகிறது. அன்றைக்கோ, என்னைத் தேற்றியவரின் முகத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் மடியில் தலைவைத்து, இன்னும் கொஞ்சம் அழுதேன்.